பதினோரு நொடி

அல்போன்சா முடிந்து
பெங்களூரா லாரிகள் வரிசை கட்டிய வாரத்தில்
காவேரிப்பட்டணத்து மாம்பழக்கூழ் கம்பெனிக்குப்
புது ஆப் வந்தது.

சென்னையிலிருந்து வந்தவர்
சுவரில் படம் காட்டிச் சொன்னார்:
இது சேனல். இது த்ரெட்.
பெயருக்கு முன்னால் இந்தச் சுழியைப் போட்டால்
அவர் பாக்கெட்டில் மணி அடிக்கும்.
இனி வாட்ஸ்அப்பில் வேலை பேசக் கூடாது.
ரோஜாப்பூவோடு காலை வணக்கம் கூடாது.
குரல் பதிவு கூடவே கூடாது,
தேடினால் கிடைக்காது.

சமோசா கொடுத்தார்கள்.
கெம்பம்மா இன்னொன்று கேட்டு வாங்கினாள்.

அன்றிலிருந்து எங்கள் பெயரோரத்தில்
ஆளுக்கொரு பச்சைப் புள்ளி.
கழிப்பறைக்குப் போனால் மஞ்சளாகும் என்று
லோடிங் அஸ்லம் கிளப்பிவிட்டதைப்
பாதிப் பேர் நம்பினோம்.

பாயிலர் திம்மராயனுக்குத்
தெலுங்கில் பேச வரும்
தமிழில் சண்டை போட வரும்
எந்த மொழியிலும் டைப் அடிக்க வராது.
எது வந்தாலும் ஒரு கட்டைவிரல்.
சம்பளம் மூன்று நாள் தள்ளிப்போகும் என்ற செய்திக்கும்
முதல் கட்டைவிரல் அவருடையது.
அதை நாங்கள் மறக்கவில்லை.

ஜூன் பத்தொன்பது, இரவு ஒன்று நாற்பது.
லேப் கண்ணாடிக்குப் பின்னால்
பிரிக்ஸ் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறேன்.
மூன்றாம் லைனில் சூடு
நூற்றைந்திலிருந்து இறங்குகிறது.
நூற்றிரண்டு.
நூறு.
சேனலில் எழுதினேன்:
லைன் 3 சூடு குறைகிறது, நீராவி பார்க்கவும்.

பதினாறு பேர் பார்த்தார்கள்.
ஏழு கட்டைவிரல்கள்
ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு
7 என்று நின்றன.

தொண்ணூற்றெட்டு.

தலையுறையைக் கழற்றாமல் ஓடினேன்.
பீப்பாய்களுக்கு நடுவே
மாங்கொட்டைக் குவியலைச் சுற்றிக்கொண்டு
ஈக்களை வாயில் விடாமல்
நூற்றிருபது தப்படி.

குழாயில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி
அதன் பிடியில் காது வைத்து
நின்றிருந்தார் திம்மராயன்.
'போட்டேனே' என்றார், நிமிராமல்.
'பாக்கறேன்னுதான் போட்டேன்.'

அவர் விரலுக்கு அதுதான் பொருள்.
சூப்பர்வைசர் நாகோஜியின் விரலுக்கு
யாராவது போவார்கள் என்று பொருள்.
மேனேஜர் ஓசூரில் படுத்தபடி போட்டதற்கு
நல்லது, தொடருங்கள்.
அஸ்லம்
ஆறு பேர் போட்டிருந்ததால் போட்டான்.

'அப்ப சம்பளத்துக்கு?' என்றேன்,
கேட்கிற நேரமா அது.
'அழுவுற மூஞ்சி அதுல எங்க இருக்குன்னு தெரியல' என்றார்.

பிறகு காதை எடுத்துவிட்டு
ஸ்க்ரூடிரைவர் பிடியில் போனை வைத்தார்.
பதினோரு நொடி.
டொக்.
டொக்.
டொக் டொக்.
ஒரு சொல் இல்லை.
சேனலில் அனுப்பினார்.

பின்பக்க குவார்ட்டர்ஸில்
பச்சைப் புள்ளி அணைந்து தூங்கிய
ஃபிட்டர் சவுடப்பன்
லுங்கியோடு வந்தார், கையில் ஸ்பேனர்.
'ட்ராப் அடைச்சுக்கிச்சு,
தண்ணி போக வழியில்லாம முட்டுது' என்று
வாசலிலேயே சொல்லிக்கொண்டு வந்தார்.

இரண்டு ஐம்பதுக்கு மறுபடியும் நூற்றைந்து.
பதினெட்டுப் பீப்பாய்க்குச் சிவப்புச் சீட்டு ஒட்டினேன்.

காலையில் மேனேஜர் எழுதியிருந்தார்:
நல்ல வேலை, டீம்.
குரல் பதிவு வேண்டாம் என்று
ஏற்கெனவே சொல்லியிருந்தோம்.
கீழே நான் விவரமாக அடித்தேன்,
நேரம், லைன், ட்ராப், பீப்பாய் எண்கள்.
திம்மராயன் பெயருக்கும் சவுடப்பன் பெயருக்கும்
முன்னால் சுழி போட்டேன்.
திம்மராயனிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.
என்ன பொருளோ.

தேடும் பெட்டியில்
டொக் என்று அடித்துப் பார்த்தேன்.
எதுவும் கிடைக்கவில்லை என்றது.

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம்
அந்தப் பதினோரு நொடியை
இன்னொரு முறை காதில் வைத்தேன்.
கெம்பம்மா தூக்கத்திலிருந்து
ஒரு கண்ணை மட்டும் திறந்து
என்ன பாட்டு அது என்றாள்.