துணிக் கிளிப்

அம்மாவுக்கு இந்த மாதமும் இரவுப் பணி.
காலை எட்டரைக்கு வந்து
செருப்பைக் கழற்றும்போதே பாதி உறங்கிவிடுவாள்.
தோட்டப்பாளையத்தில் எங்களுக்கு ஒரே அறை.
பகல் என்பது அங்கே
சன்னலில் ஆணியடித்த பழைய போர்வை.

வயலினின் குதிரைமேல்
நீலத் துணிக் கிளிப் ஒன்றைக் கவ்வவிட்டு
மூன்று வருடம் சாதகம் செய்தேன்.
கடையில் ரப்பர் மியூட் முந்நூறு ரூபாய்.
கிளிப் டஜன் இருபது.
சத்தம் சுண்டிச் சுண்டி
கொசு ஒன்று கல்யாணி பாடுகிற அளவுக்கு வந்தது.
அதுதான் என் வயலின் என்று நினைத்திருந்தேன்.

ரிஸ்வானா பொறியியல் கலந்தாய்வுக்கு
இருபத்துமூன்று கல்லூரிகளை வரிசைப்படுத்தினாள்.
அதே பிரவுசிங் சென்டரில், அடுத்த நாற்காலியில்,
எனக்கு இரண்டே பெயர்கள்.
ஒன்றில் விடுதி இல்லை.
மற்றதில் விடுதி உண்டு;
'குடும்பத்தில் இசைப் பின்னணி: விவரம்' என்றொரு கட்டமும் உண்டு.
"என்னம்மா போடட்டும்?"
அப்பா ராணிப்பேட்டையில் தோலுக்குச் சாயம் ஏற்றுகிறார்.
அம்மா குளுக்கோஸ் சொட்டுகளை எண்ணுகிறாள்,
நிமிடத்துக்கு இத்தனை என்று, கடிகாரம் பார்க்காமல்.
அதைத் தாளம் என்று எழுதலாமா?
"இல்லைன்னு போடுங்கண்ணா."

அழைப்புக் கடிதத்தின் கடைசி வரி:
ஒலிபெருக்கி தரப்பட மாட்டாது.

கிளிப்பைக் கழற்றி வாசிக்க
வேலூரில் இடம் தேடினேன்.
கோட்டையில் காவலாளி விசில் ஊதினார்.
மொட்டை மாடியில் வில்லை எடுத்ததுமே
எதிர் லாட்ஜின் வங்காளத்து நோயாளிகள்
ஒவ்வொரு சன்னலாகச் சாத்தினார்கள்.
ஒருவர் மட்டும் சாத்தவில்லை. தலையில் கட்டு.
பாட்டுக்கா, காற்றுக்கா, தெரியவில்லை.

கடைசியில் பாலாறு.
பாலத்துக்குக் கீழே, மணலில், விடியற்காலை ஐந்தரை.
அங்கே உறங்குவதற்குத் தண்ணீர்கூட இல்லை.
முதல் இழுப்பிலேயே பயந்து நிறுத்திவிட்டேன்.
யாரோ என் பெயரைக் கத்திக் கூப்பிட்டதுபோல் இருந்தது.
அவ்வளவு பெரிய ஷட்ஜத்தை
இந்தச் சின்னப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டா
விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்?

கூடவே
கிளிப் மூடி வைத்திருந்த பிழைகளும்
கட்டவிழ்ந்த நாய்களாக ஓடி வந்தன.
நிஷாதம் இறங்கியது.
வில் திரும்பும் இடத்தில் கீச்சு.
மூன்றாம் காலத்தில் விரல்கள்
பழைய பேருந்து நிலைய நெரிசலில் மாட்டிக்கொண்டன.
மேலே காட்பாடி பஸ் ஹாரன் அடித்தது.
அதுவும் சுருதியில் இல்லை. கொஞ்சம் ஆறுதல்.

பத்து நாள்.
ரோஸினில் மணல், தாடைக்கட்டையில் மணல்,
சோற்றிலும் ஒருநாள்.

காட்பாடியில் ரயிலேறி
அரக்கோணம் வரை நின்றுகொண்டே போனேன்,
பெட்டியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்து.
தேர்வு அறையில் மூன்று பேர், ஒரு மின்விசிறி.
வர்ணத்தை எடுத்தேன்.
கிளிப் இல்லாமலே
கிளிப் போட்ட சத்தம் வந்தது.
நான்தான் சென்னை வந்திருக்கிறேன், கை வரவில்லை.
போர்வை தொங்கும் அறையில்
ஒருத்தி உறங்குவது கைக்குத் தெரியும்.

நடுவில் இருந்தவர் பேனாவை மூடினார்.
"காதுலயே விழலையேம்மா. யாராவது தூங்குறாங்களா இங்க?"
வேடிக்கைக்குத்தான் கேட்டார்.
"இல்லை சார்" என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

மறுபடி முதலிலிருந்து.
நிஷாதம் இறங்கித்தான் விழுந்தது,
ஆனால் தெருமுனைக்குக் கேட்கும்படி.
ஒரு அம்மையார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
நல்லதற்கா என்று கேட்கும் துணிவு இல்லை.

முடிவு ஜூன் கடைசியில் வருமாம்.

வீடு திரும்பியபோது
அம்மா பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.
"எப்படிப் போச்சு?"
"சத்தமா போச்சும்மா."
வயலின் பெட்டியில் கிடந்த நீலக் கிளிப்பை எடுத்து
துவைத்த வெள்ளைக் கோட்டைக் கொடியில் மாட்டினாள்.
"டஜன்ல ஒண்ணு எப்பவும் குறையுதேன்னு பார்த்தேன்"
என்றபடி படியிறங்கிப் போனாள்.

இரவு எட்டேகால். அறை முழுக்க எனக்கு.
வில்லை முறுக்கினேன்.
மாடி வீட்டில் கைக்குழந்தையைத்
தூளியில் போட்டு ஆட்டும் கிறீச்.
எழுந்து கொடிக்குப் போனேன்.
கோட்டு இன்னும் காயவில்லை.