எண் பொருத்தம்

என் வேலை சின்னக் காந்தத்தில் தொடங்கும்.
கதவில் வைப்பேன்.
ஒட்டினால் இரும்பு. நழுவினால் உள்ளே பட்டி.

வெர்லின் ஊஸ்டர்ஹவுஸின் ரோட்ரன்னரில்,
எழுபதாம் ஆண்டு பிளிமத் அது,
எங்கே வைத்தாலும் ஒட்டியது.
சாலைக்கு உப்புப் போடும் மிச்சிகனில்
ஐம்பத்து மூன்று பனிக்காலம் தாண்டிய தகடு
இப்படி ஒட்டுவதைப் பார்த்ததில்லை.
முதல் பனி விழுந்தால் சாவியை ஒளித்துவிடுவேன் என்றார்.
யாரிடமிருந்து?
"என்னிடமிருந்துதான்."

பின்சீட்டைத் தூக்கினேன்.
சுருள்கம்பிகளுக்கு நடுவே
எலி கொறித்தது போக மிஞ்சிய தாள்:
தொழிற்சாலை கணித்த ஜாதகம்.
நிறம் நீலம். கியர் நான்கு.
எஞ்சின் முந்நூற்று எண்பத்து மூன்று.
என் முன்னால் நின்றதோ
கறுப்பு. ஐந்து கியர். டிஸ்க் பிரேக்.
பானெட்டுக்கு அடியில்
கம்ப்யூட்டர் ஊட்டும் அளவுக்கு மட்டும் பெட்ரோல் குடிக்கிற,
சிணுங்காமல் கிளம்புகிற புது எஞ்சின்.

"அறுபதாயிரம் போட்டிருக்கிறேன்."
செருப்புப் பெட்டி நிறைய ரசீது.
பழைய சங்கிலியை விற்கப் போனவருக்குத் தெரியும்,
செய்கூலி திரும்பி வராது.
நாற்பத்தெட்டாயிரம் என்று எழுதினேன்.

பழைய எஞ்சின் இருந்து,
அதில் குத்திய எண்ணும் வண்டியின் எண்ணும் ஒன்றானால்
எழுபத்தைந்து.
ஓட வேண்டியதில்லை.
கொட்டகை மூலையில் கிடந்தாலே போதும்.
செத்த யானைக்கும் ஆயிரம் பொன் என்பது
இந்தச் சந்தையில் பழமொழி அல்ல,
விலைப்பட்டியல்.

வெர்லின் ஏரியைப் பார்த்தார்.
அவர் மனைவி ஆர்வெல்லா
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எண்பத்தெட்டில் அதை ஐம்பது டாலருக்குக்கூட
யாரும் கேட்கவில்லையாம்.
பிள்ளைகள் ஏறிக் குதிக்க ஒரு மிதவை கட்டியிருந்தார்.
காற்று அதை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டே போனது.
எஞ்சினைச் சங்கிலியில் கோத்து
ஏரிக்குள் இறக்கிவிட்டார்.
முப்பத்தைந்து கோடை.
ஒரு முழம் நகரவில்லை மிதவை.

"இருபத்தேழாயிரம் டாலர் நங்கூரம்,"
என்றாள் ஆர்வெல்லா.
"கூரை மாற்றியிருக்கலாம்.
இவர் முழங்காலையும் மாற்றியிருக்கலாம்."

பாலத்தடியில் வேலை செய்யும் முக்குளிப்பவன்
முந்நூறுக்கு ஒத்துக்கொண்டான்.
வின்ச் முனகியது.
ஏறி வந்தது எஞ்சினா என்று சந்தேகம்.
வரிச்சிப்பிகள் விரல் வைக்க இடமில்லாமல் அப்பியிருந்தன.
மூன்றாம் சிலிண்டரிலிருந்து
கல்லிறால் குட்டியொன்று கொடுக்கை உயர்த்தி
எங்களை விசாரித்தது.

மண்டியிட்டேன்.
எண்ணெய்த்தொட்டி விளிம்புக்கு மேலே,
பக்கவாட்டில், கட்டைவிரல் அகலம்.
திருப்புளியால் சுரண்டி, கம்பிநாரால் தேய்த்து,
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
துருவுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எழுந்தன இலக்கங்கள்.

வண்டியின் எண் அவருக்கு மனப்பாடம்.
கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல
நான் இரும்பில் இருந்ததைப் படித்தேன்.
இரண்டாம் இலக்கத்திலேயே
பிரிந்துவிட்டோம்.

மறுபடி தேய்த்தேன்.
மறுபடியும் அதே.
இவர் கைக்கு வருமுன்பே
எவனோ ஒருவன், கலமஸூவிலோ எங்கேயோ,
சிவப்பு விளக்கில் யாருடனோ போட்டிபோட்டு
பிறந்த எஞ்சினை வெடிக்கவிட்டு
வேறொரு வண்டியினுடையதை வைத்துத் தைத்திருக்கிறான்.

வெர்லின் தொப்பியைக் கழற்றினார்.
"அப்படியென்றால் நான் எதையும் கெடுக்கவில்லை."
கேள்வியா, தீர்ப்பா, தெரியவில்லை.
என் படிவத்தில் இரண்டுக்கும் கட்டம் கிடையாது.
எழுபத்தைந்தை அடித்தேன்.
சட்டைக் கையெல்லாம் சிப்பி நாற்றம்.

அப்போதுதான் ஆர்வெல்லா கையை நீட்டினாள்.
நாங்கள் எண்ணைப் பார்த்திருந்த நேரத்தில்
மிதவை, அவசரமே இல்லாமல்,
பாதி ஏரியைக் கடந்திருந்தது.