அச்சில் வராத அடுக்கு

மொன்டானாவின் வடக்கில், நவம்பரில்,
பேட்டரியை உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும்.
டோட்டல் ஸ்டேஷனுக்குள் போகும்வரை
என் அக்குளில் அது ஒரு கோழிக்குஞ்சு.

சல்லியில் முக்காலி நிற்காது.
வேலியை ஒட்டி, அறுத்த கோதுமைத் தாளில் ஊன்றினேன்.
குமிழி நடுவுக்கு வந்தது.
பிறகு மேற்கே ஏதோ காதில் விழுந்ததுபோல்
நடுங்கத் தொடங்கியது.

"வண்டி" என்றான் லீலண்ட் ப்ரெக்கி.
காவல் நிற்பது அவன் வேலை.
தண்டவாளத்தைத் தவிர வேறெதையும்
அவன் பார்க்கக் கூடாது, விதி அப்படி.
நூற்றுப் பத்துப் பெட்டி தானியம்.
எண்ணியது நான்.

தண்டவாளத்தின் நடுக்கோட்டிலிருந்து நூறு அடி
கம்பெனியின் நிலம்.
வெள்ளிக்கிழமைக்குள் வரைந்து தர வேண்டும்.
எந்த நடுக்கோடு என்று யாரும் சொல்லவில்லை.
இந்த வளைவில் இரும்பு
ஜனவரியில் உள்ளே இழுத்துக்கொள்ளும்,
ஜூலையில் வெளியே தள்ளும்.
இத்தனை வருஷத்தில் ஜூலைகளின் கைதான் ஓங்கியிருக்கிறது.

இன்றைய இரும்பின்படி
வெர்னா டோலஃப்ஸனின் சமையலறை மூலை
அரை அடி கம்பெனிக்குள் இருக்கிறது.
போய்ச் சொன்னேன்.
அடுப்பை அணைக்காமலே கேட்டாள்:
"அப்போ இந்த முட்டை யாருடையது?"

முதன்முதலில் அளந்தவனின் குறிப்பேடு
கோப்பில் நகலாக இருந்தது. ஆண்டு 1893.
பெயர் இல்லை, எச்.டி. என்று மட்டும்.
"கடுங்குளிர். வளைவு தொடங்குமிடத்தில் கல் நட்டேன்,
தலையில் பெருக்கல் கீறல்."
அவன் சொன்ன தூரத்தில் தோண்டினோம்.
களிமண், ஒரு குதிரை லாடம், களிமண்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.
அவனுடைய சங்கிலியும் இரும்பு.
அன்றைக்கு அதுவும் விறைத்துச் சுருங்கியிருக்கும்,
தான் குட்டையானது தெரியாமல்
மைல் என்று சொல்லியிருக்கும்.
இரண்டரை அடி பின்னால் வந்து மண்வெட்டியைப் போட்டேன்.
டங்.

கல்லிலிருந்து கணக்கிட்டால்
சமையலறை தப்பிவிட்டது, மூன்று விரற்கடையில்.
மாட்டிக்கொண்டது ஆப்பிள் மரம்.

வெர்னாவுக்கு வருத்தமில்லை.
"அது அவர்களுடையதுதான்.
ரயிலில் போன யாரோ தின்று எறிந்த விதை.
பறிப்பது மட்டும் நான்."

வரைபடத்தில் மரம் இருந்தால்
வசந்தத்தில் ரம்பம் வரும்.

இரவு, விடுதியின் ஹீட்டர் இருமிக்கொண்டிருக்க,
புள்ளி 4117. பழமரம். விட்டம் பத்தில் ஒன்பது அடி.
அழிக்க என் கை போகவில்லை, அளந்ததை அழிப்பவன் அல்ல நான்.
புதிதாக ஓர் அடுக்கைத் திறந்து மரத்தை அதில் வைத்து
பக்கத்திலிருந்த அச்சுப்பொறிச் சின்னத்தைத் தட்டினேன்.
அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.
இனி திரையில் தெரியும், தாளில் வராது.
கம்பெனி கேட்டது தாள்.

சுற்றி வந்து மூடியதில் பிழை
நூறில் மூன்று பங்கு அடி. அனுமதிக்கு உட்பட்டது.
அதை எல்லாப் புள்ளிகளுக்கும் பங்கு பிரித்தபோது
மரமும் ஒரு மயிரிழை நகர்ந்தது,
எந்தப் பக்கம் என்று பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

காலையில் வண்டியில் லீலண்டிடம் கேட்டேன்,
அங்கே மரம் ஏதாவது பார்த்தாயா என்று.
வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு,
"நான் தண்டவாளத்தை மட்டும்தான் பார்த்தேன்" என்றான்.
கையில் பாதி ஆப்பிள்.
விதையை எறிய
ஜன்னல் கண்ணாடியை இறக்கினான்.