பன்னிரண்டு ரொட்டி

செய்தித்தாளிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.
இரங்கல் அறிவிப்புக்கு வரிக்கு இவ்வளவு பணம்.
அம்மையாருக்கு என்ன தொழில், என்றாள்.
இல்லத்தரசி, என்றேன்.
தொலைபேசியை வைத்த பிறகு
ட்ருசில்லா சிரிப்பது கேட்டது:
எந்த ஊர் அரசி
மீன்குடலை வாளியில் அள்ளினாள், அசரியா?

எண்பத்தொன்பது வயது.
அதில் அறுபத்தெட்டு வருடம் என்னோடு.
பிள்ளைகள் ஏழு என்பேன் நான்.
எட்டு, என்று திருத்துவாள்.
ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போன ஈனோக்கை
எந்தக் கணக்கிலும் அவள் கழித்ததில்லை.

மூன்று வாரமாக இந்த வீட்டில் நான் விருந்தாளி.
உப்பு இருக்குமிடம் தெரியும்.
ஈஸ்ட் எங்கே?
செல்பியைக் கேட்டேன், அவன் மனைவியைக் கேட்டான்,
அவள் மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் பாருங்கள் என்றாள்.
அங்கே ஈஸ்ட் இல்லை.
மீன் கம்பெனி கொடுத்த நாட்காட்டிகள் இருந்தன,
சணலால் கட்டி, வருடவாரியாக.

கட்டத்துக்குக் கட்டம் பென்சில்.
வாடை. கொண்டல். கச்சான்.
நான் கடலுக்குப் போன நாளெல்லாம் காற்று,
அதன் கீழே
நான் கரையேறிய நேரம்.
இருட்டிய பிறகு வந்த நாட்களில்
பென்சில் காகிதத்தைக் கிழித்திருந்தது.
வீட்டுக்கு வரும்போதெல்லாம்
கால் துடைத்துவிட்டு வாங்கள் என்பாள்,
தலையைத் தூக்காமல்.
அவ்வளவுதான் என் வரவேற்பு என்று
கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நான் தேடியது ஒரே ஒரு நாளை.
ஆட்டுத்தலைத் தீவில் இனி யாரும் இருக்கக் கூடாது,
பள்ளிக்கூடம் வராது, டாக்டர் வரமாட்டார்,
விரிகுடா தாண்டிப் போனால் தலைக்கு இவ்வளவு என்று
அரசாங்கம் சொன்ன வருடம்.
வீட்டை விட்டுவிட்டா போவது?
அடியில் எண்ணெய்ப் பீப்பாய்களைக் கட்டி
பெரிய அலை வந்து தூக்கும்வரை காத்திருந்து
நான்கு படகுகள் கயிறு போட்டு இழுத்தோம்.
பிள்ளைகளை என் தம்பியின் படகில் ஏற்றியாயிற்று.
இவள் இறங்கவில்லை.

மாவு பிசைந்தாயிற்று, என்றாள் கதவில் நின்று.
யார் பார்ப்பது அதை?

கெஞ்சினேன், கத்தினேன், ஆண்டவரை இழுத்தேன்.
கதவைச் சாத்திக்கொண்டாள்.
முன்படகில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறேன்:
நடுக்கடலில் என் வீடு,
ஜன்னல்விளிம்பை நனைக்கும் தண்ணீர்,
புகைபோக்கியில் புகை.
இதைவிடப் பைத்தியக்காரி உண்டா என்று
மற்ற மூன்று படகும் கேட்டது என் காதில் விழுந்தது.
அந்தக் கோபத்தை வெகுநாள் வைத்திருந்தேன்.
கிறிஸ்துமஸ் மேசையில்கூட எடுத்து விரிப்பேன்,
பிடிவாதக்காரி, ரொட்டிக்காக உயிரை விட இருந்தாள் என்று.
அவள் கிரேவியை இந்தப் பக்கம் தள்ளுவாள்.

கிடைத்தது அந்தக் கட்டம்.
ஆகஸ்ட், ஒரு வியாழன்.
கச்சான், லேசாக.
ரொட்டி பன்னிரண்டு. நன்றாகப் பொங்கியது.
அதற்குக் கீழே, இடமில்லாமல் நெருக்கி:
ஈனோக் தெரிந்தான், பத்தேகால் வரை.

அந்தச் சமையலறை ஜன்னல்
தேவாலயக் குன்றைப் பார்த்து இருந்தது.
அதை நான் செய்தேன். என் கையால் சட்டம் அடித்தேன்.
கயிறு இழுத்தவன் நான்,
எதை விட்டு இழுக்கிறேன் என்று
பார்த்துக்கொண்டு நின்றவள் அவள்.
அது தெரியாமல் ஐம்பது வருடத்துக்கு மேல்
அதே ஜன்னலோரம் தேநீர் குடித்திருக்கிறேன்.

செய்தித்தாள்காரப் பெண்ணை மறுபடி கூப்பிட்டேன்.
பிள்ளைகள் எட்டு, என்றேன்.
ஒரு சொல்தான், காசு வேண்டாம் என்றாள்.

ஈஸ்ட் குளிர்பெட்டியில் இருந்தது, வெண்ணெய்க்கு அடியில்.
மாவு பிசைந்தேன். அடி கருகிவிட்டது,
நடுவில் வேகவில்லை. தின்றேன்.
இன்றைய கட்டத்தில் பென்சிலால் எழுதினேன்:
வாடை, பலமாக.
யார் கரையேறியதற்கு நேரம் போடுவது என்று தெரியாமல்
காலைத் துடைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் கதவருகே நின்றேன்.