இரண்டும் இருந்தால்

இரவு மூன்று பத்துக்கு இயந்திரம் கூவியது:
ஒரு குடுவையில் ஏதோ வளர்ந்திருக்கிறது.
வால்டிவியாவில் ஜூலை மழை
கூரையை விட்டு இறங்கிப் போகவே இல்லை, பதினொரு நாளாய்.
ஒரு சொட்டு இரத்தம், கண்ணாடித் தகடு,
ஊதா, அயோடின், ஸ்பிரிட், சிவப்பு,
கழுவிக் காயவைத்து லென்சின் அடியில் வைத்தேன்.
இளஞ்சிவப்புக் குச்சிகள்,
சிதறிய சீரகம் மாதிரி.
சரி, பாக்டீரியா. போனைக் கையில் எடுத்துவிட்டேன்.
ஏதோ உறுத்த, தகட்டை அரை மில்லிமீட்டர் நகர்த்தினேன்.
ஓரத்தில், கருத்த ஊதாவில், முட்டை வடிவில் ஒன்று
தன் தோளில் இன்னொன்றை மொட்டுவிட்டுக்கொண்டிருந்தது,
யார் பார்த்தால் என்ன என்பதுபோல.

தீவிரப் பிரிவு, ஏழாம் கட்டில்.
பால்தொமேரோ கத்ரிலேயோ, அறுபத்து நான்கு வயது,
கொர்ரால் படகில் எஞ்சின் பார்ப்பவர்.
குடலில் அறுவை, கழுத்தில் குழாய், சிறுநீரகம் பாதி.
"இரண்டுமா?" என்றார் மருத்துவர்.
"இரண்டும்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.

எங்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது.
ரெனாத்தே ஹோல்செல் நான்கு வருடம் உட்கார்ந்து
பழைய கோப்புகளிலிருந்து உருவியது.
இருநூற்றுப் பதினேழு வரிசை. வயது, லாக்டேட்,
குழாயை எடுத்தது எத்தனையாவது மணியில்,
காளான் மருந்து தொடங்கியது எப்போது.
காளான் தனியாக வந்தால் ஓர் எண்,
பாக்டீரியா தனியாக வந்தால் ஓர் எண்.
இரண்டும் வந்தால் கூட்டிவிடலாம் என்றுதான்
முதலில் நாங்களும் நினைத்தோம்.
கூட்டல் தோற்றது.
ஒன்று மற்றதற்குப் பாய் விரிக்கிறது;
ஒன்றைக் கொல்லப் போன மருந்து
மற்றதற்கு வாசலைப் பெருக்கி வைக்கிறது.

கடைசிக் கட்டத்தின் பெயர் 'முடிவு'.
முப்பதாம் நாள் உயிரோடிருந்தால் பூஜ்யம்.
இல்லையென்றால் ஒன்று.
உயிருக்குப் பூஜ்யம் போட
எனக்கு இன்னும் கை பழகவில்லை.

பெயரை மறைக்கத்தான் எண் கொடுத்தோம்.
ஆனாலும் எண்பத்தெட்டாம் வரிசையைத் திறந்தால்
அசிட்டோன் வாசம் வருகிறது:
விரலில் கருவி மாட்ட
அவள் சிவப்பு நகப்பூச்சைச் செவிலி துடைத்த அன்று
சாம்பிளுக்காக நானும் அங்கே நின்றிருந்தேன்.

கத்ரிலேயோவுக்கு நூறில் எழுபத்தொன்று வந்தது.
மகள் நயாரெத் ரெனாத்தேயைக் கேட்டாளாம்:
"எழுபத்தொன்றிலா அப்பா, இருபத்தொன்பதிலா?"
பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே,
"எனக்கு நூறு அப்பா இல்லையே" என்றாளாம்.

குழாயை அன்றைக்கே எடுத்தார்கள்.
ஆறாம் நாள் என் குடுவையில் காளான் இல்லை.
ஒன்பதாம் நாள் குச்சியும் இல்லை.
இருபதாம் நாள், பக்கத்துக் கட்டில் வென்டிலேட்டரில்
பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று
அவர் காகிதத்தில் எழுதிக் காட்டியதாய்
மாடி முழுக்கப் பேச்சு.
முப்பதாம் நாள் மாலை ஐந்துக்குப்
பூஜ்யத்தை இட்டேன்.
கணக்கு தப்பியதற்கு
ரெனாத்தே கேக் வாங்கி வந்தாள்.

முப்பத்தொன்றாம் நாள் விடிகாலை நான்குக்கு
அவருடைய இதயம் நின்றது.

கட்டம் மாறாது.
மாற்றினால் எல்லோருக்கும் நாளை மாற்ற வேண்டும்
என்றாள் ரெனாத்தே, திரையைப் பார்த்தபடியே.
சரிதான். அவள் சொன்னது சரிதான்.
இருநூற்றுப் பதினெட்டாம் வரிசையில்
பால்தொமேரோ பிழைத்திருக்கிறார்,
இனி வருபவர்களுக்குக் கொஞ்சம் நல்ல எண் வரும்படி.
என் நோட்டின் ஓரத்தில் மட்டும் எழுதினேன்:
பதினொரு மணி நேரம்.

நயாரெத் அவருடைய பூட்சை வாங்கிக்கொண்டு
மழையில் துறைப்பக்கம் நடந்ததைச்
சன்னலில் பார்த்தேன்.
மீன்சந்தைக் கடற்சிங்கங்கள் குரைத்துக்கொண்டிருந்தன.

நேற்று மறுபடி ஒரு குடுவை கூவியது.
குச்சிகள், இளஞ்சிவப்பு, தெளிவாக.
நான் போனைத் தொடவில்லை.
தகட்டின் ஓரம்வரை போய்,
பிறகு மறு ஓரம்வரை.