கணக்கில் வராத பாத்தி

வீடு எனக்கு. வண்டி வெர்லீனுக்கு.
தையல் மெஷின், நாய்,
நாலு நாற்காலியில் இரண்டு,
எல்லாம் கோர்ட்டுத் தாளில் இருந்தது.
சமையலறை ஜன்னலுக்குப் பின்னால்
ஆறடிக்கு நாலடி மண் மட்டும்
யார் பேரிலும் இல்லை.

செப்டம்பரில் போகிற அன்று காலை
ஒரு பொட்டலம் கடுகை அதில் வீசியிருக்கிறாள்.
விதைத்தாளா, கொட்டித் தொலைத்தாளா,
இன்றுவரை நான் கேட்கவில்லை.

நாலாம் நாள் முளைத்தது,
ஊசி இறங்க இடமில்லாமல்.
யாஸூ ஆற்றோரப் பருத்தி ஆலையில்
பேல் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன் நான்.
செடிகொடி பழக்கமில்லை.
குப்பைக்கூடையில் கிடந்த காலிப் பொட்டலத்தின் முதுகில்
எழுதியிருந்தது:
ஆறங்குலத்துக்கு ஒன்றை விட்டு
மற்றதைப் பிடுங்கவும்.

முட்டி போட்டேன்.
எதை விடுவது?
எல்லாவற்றுக்கும் அதே இரண்டு இலை, அதே இதய வடிவம்.
இழுத்தால் எதிர்ப்பேச்சு இல்லாமல் வந்தன.
எறிய மனமில்லாமல் வாயில் போட்டேன்.
சுரீரென்று மூக்கில் ஏறி
கண்ணில் தண்ணீர்.
கடுகுதான் காரணமென்று
நாயிடமாவது சொல்லியிருப்பேன்.
நாய் அவளிடம்.

அக்டோபரில் தெள்ளுப்பூச்சி
இலையைச் சல்லடையாக்கியது.
மிச்சம் பிழைத்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை
கையில் கத்தி, காகிதப் பையோடு வந்து நின்றாள்.
"இலை என்னுடையது."
"மண்?"
"அதை நீயே வைத்துக்கொள்."
வெளியிலைகளாய்ப் பார்த்து அறுத்தாள்,
குருத்தைத் தொடவில்லை.
"ஒரு உறைபனி விழட்டும்,
காரம் கொஞ்சம் இறங்கும்" என்றாள்,
செடியைப் பார்த்துத்தான்.

விழுந்தது. இறங்கியது.
அதற்கப்புறம் சனிக்கிழமை தவறவில்லை.
எனக்கென்று அவள் விட்டுப்போகும் கட்டை
மூன்று தண்ணீரில் மண்போக அலசி,
புகைபோட்ட பன்றிக் கணுக்காலோடு
இரண்டு மணி நேரம் வேகவிடுவேன்.
யாரும் சொல்லித்தரவில்லை.
இருபத்திரண்டு வருஷம்
அந்த வாசனைக்குள் உட்கார்ந்து பேப்பர் படித்தவன்.
பானை நிறையப் போட்டது
ஒரு கிண்ணமாய்ச் சுருங்கும்.
அடியில் தங்கும் பச்சைச் சாற்றில்
சோளரொட்டியைத் தோய்த்துத் தின்பேன்,
நின்றுகொண்டே.

மார்ச்சில் வெயில் ஏறியது.
ஒரே வாரத்தில் தண்டு நீண்டு
இடுப்புயரம், உச்சியெல்லாம் மஞ்சள்.
இனி இலை கசக்கும்,
பறிக்க ஒன்றுமில்லை.

வியாழன் இரவு போன் வந்தது.
பின்னணியில் நாய் குரைத்தது.
"பூத்துவிட்டதா?"

ஜன்னலுக்கு வெளியே
தெருவிளக்கில் அத்தனை மஞ்சளும் தெரிந்தது.

"இல்லை" என்றேன்.
சனிக்கிழமை வரட்டும்.