லோகோகினா

முதல் நாளே சிங்கம் கேட்டார் முர்மான்.
வாயைத் திறந்த சிங்கம்.
முடிந்தால் பிடரியில் கொஞ்சம் தங்கம்.

குத்தாய்சி நகரில், இறைச்சிக் கடைக்கு மேலே,
மூன்றாம் மாடியில் என் அறை.
ஒரு மேசை, ஒரு திரை,
மழைக்காலத்தில் தானே திறந்துகொள்ளும் ஜன்னல்.
ரொட்டிக் கடைக்கு, பல் மருத்துவருக்கு,
சவப்பெட்டி செய்யும் அண்ணன் தம்பிக்குக்கூட
லோகோ வரைந்திருக்கிறேன்.
இவர் தொழில்
கழிவுத் தொட்டி காலி செய்வது.
ஜெர்மனியில் ஓடி ஓய்ந்த லாரி,
நாற்பது மீட்டர் குழாய்,
கையுறை போட்ட மைத்துனன்.
நிறுவனம் அவ்வளவுதான்.

"சிங்கம் எதற்கு?"
"வங்கிக்காரன் வைத்திருக்கிறானே."

நீர்த்துளி வரைந்தேன்.
"தண்ணீர் வண்டி என்று நினைத்து
யாராவது குடத்தோடு வந்து நின்றால்?"
பச்சை இலை வரைந்தேன்.
நெடுநேரம் பார்த்தார்.
"பொய் சொல்லலாம் அம்மணி,
இவ்வளவு பெரிய பொய் வேண்டாம்."
லாரியையே வரைந்தேன்.
மைத்துனன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.
படத்தில் நாற்றம் வரக் கூடாது என்று
எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஒன்பது வரைவு.
ஒன்பது முறை தொண்டையைச் செருமி
"அழகுதான்" என்றார்.
வாடிக்கையாளர் ஒரு "தான்" சேர்த்துவிட்டால்
கோப்பை மூடிவிட வேண்டியதுதான்.

பத்தாவதுக்கு முன் லாரியில் ஏறிவிட்டேன்.
மலைமேல் ஒரு விருந்தினர் விடுதி.
மறுநாள் கல்யாணம், இருநூறு பேர்,
இன்றைக்குப் பார்த்துத் தொட்டி பொங்கிவிட்டது.
வாசலில் லம்சீரா, விடுதிக்காரி,
அழுவதா திட்டுவதா என்று தெரியாமல்
இரண்டையும் செய்துகொண்டிருந்தாள்.
முர்மான் ஒரு வார்த்தை பேசவில்லை.
மூடியைத் தூக்கினார், குழாயை இறக்கினார்.
ஒரு மணி நேரம் லாரி உறுமியது.
(அது சிங்கம்தான், ஒப்புக்கொள்கிறேன்.)
பிறகு கோப்பையின் அடியை உறிஞ்சுவதுபோல
ஒரு சத்தம்.
லம்சீரா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.
சமையலறையில் யாரோ பாத்திரம் உருட்டினார்கள்.
கல்யாணம் மீண்டும் தொடங்கியது.

நான் பார்த்தது அதற்கப்புறம்.
குழாயை இரண்டு முறை கழுவினார்.
லாரியின் முதுகில் வைத்துச் சுற்றினார்,
உள்ளிருந்து வெளியே, சுற்றை ஒட்டிச் சுற்று,
முழங்காலால் அழுத்தி அழுத்தி,
நடுவே ஒரு விரல் நுழைய இடமில்லாமல்.
நான் நிற்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

அன்றிரவு ஒரே ஒரு தடித்த கோடு.
சுருண்டு, சுருண்டு, கடைசியில்
கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும் வாய்.
விடியற்காலை இரண்டு மணி.
இதுவரை போட்டதிலேயே இதுதான் என்று
எனக்கு நானே தேநீர் போட்டுக்கொண்டேன்.

காலையில் முர்மான் தலையைச் சாய்த்தார்.
"நத்தை மாதிரி இருக்கிறது."
முகம் சுண்டிப்போனது எனக்கு.
மைத்துனன் விடவில்லை:
"லோகோ கேட்டோம், லோகோகினா கிடைத்தது!"
எங்கள் மொழியில் நத்தைக்கு அதுதான் பெயர்.

ஜன்னல் தானே திறந்துகொண்டது.
யாரும் எழுந்து மூடவில்லை.
பிறகு முர்மான் சிரித்தார், வந்த நாளிலிருந்து முதல் தடவை.
"சரியாகத்தானே இருக்கிறது?
மெதுவாகத்தான் வருகிறோம்.
போன வழி நாலு பேருக்குத் தெரியும்படிதான் போகிறோம்.
கொம்பு இரண்டு வை, போதும்."

கொம்பு வைத்தேன்.
பாதிக்குப் பணம், மீதிக்கு ஒரு சாக்கு அக்ரூட்.
கூடவே, ஆயுள் முழுக்க
என் கழிவுத் தொட்டிக்குக் கட்டணம் இல்லையாம்.
மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன் என்று
சொல்ல மனம் வரவில்லை.
சிங்கம் என் கணினியில் இன்னும் வாயைத் திறந்தபடி.
ஒரு வக்கீல் வராமலா போவார்?

நேற்று ரியோனி ஆற்றுப் பாலத்தில்
பேருந்து நகரவில்லை.
முன்னால் அந்த லாரி.
ஆள் உயரத்துக்கு நத்தை, ஆரஞ்சு வண்ணத்தில்,
எங்களையே பார்த்துக்கொண்டு.
பின்னால் அத்தனை ஹாரனும் அலறின.
அப்போதுதான் கவனித்தேன்:
வலது கொம்பு இடதைவிட
ஒரு மயிரிழை உயரம்.
என் திரையில் மயிரிழை.
இங்கே நான்கு விரல்.

முந்திப் போக வழியில்லை.
பாலம் முடியும்வரை
அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.